படத்தில் இருப்பது என் நங்கை

நான் உண்மையாகவே கல்யாணம் ஆனவள்தானா என்று ஒரு தூதரகம் சந்தேகப்பட்டபோது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். அதில் வீட்டுக்காரரோடு இருந்தது இருபத்திரண்டு நாள். அவர் கனடாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, மாசி பிறந்ததும் விமானம் ஏறிவிட்டார். நான் துடியலூரில் மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு, மனைவி என்ற முறையில் அங்கே குடியேற அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. மாமனார் கையெழுத்துப் போட்டு வாங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுவந்தார். மற்ற நாளாக இருந்தால் மாமியார் சும்மா விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவரும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். விசாவே வந்துவிட்டது என்று இருவருக்கும் நினைப்பு. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். பேச வாயைத் திறந்தால்தான் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். வாசித்தேன். நாங்கள் அனுப்பியிருந்த ஐந்து கல்யாணப் படங்களில் நான்கில் என் கணவர் பக்கத்தில் நிற்கும் பெண், என் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண்ணாகத் தெரியவில்லையாம். ஐந்தாவது படத்தில் இருப்பவளுக்கு முகமே தெரியவில்லையாம். அதனால் டில்லிக்கு நேர்காணலுக்கு வர வேண்டும், படத்தில் இருப்பது யார் என்று விளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"என்ன அம்மணி, எப்பப் பொறப்படோணுமாம்?" என்றார் மாமனார்.

"படத்துல இருக்கற பொண்ணு யாருன்னு கேக்கறாங்க மாமா."

"உன்ற நங்கைன்னு சொல்லு. இதென்ன பெரிய கேள்வி?"

நங்கை என்று நாங்கள் சொல்வது புருசனுடைய அக்காவை. மாமனார் சொன்னது சரிதான், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் என் கல்யாணப் படத்தில் நான் இல்லாமல் நங்கை ஏன் இருக்கிறார் என்பதைத் துடியலூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டில்லியில் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய அக்காவையோ தங்கையையோ நிற்க வைத்துச் செய்வது. அன்றைக்கு அவளுக்கும் பட்டு, நகை, பூ எல்லாம் உண்டு. பெண் கட்டப்போகிற கூறைச்சேலையை ஒரு கூடையில் வைத்து அவள் தாங்கி நிற்பாள். அந்தச் சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்பார். உனக்குப் பொண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை மறந்துவிடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது முடிந்த பிறகுதான் அந்தச் சேலை பெண்ணுக்கு வரும். தெரியாத ஒருவர் பார்த்தால் நங்கைதான் கல்யாணப் பெண் என்று சத்தியம் செய்வார்.

அதிலும் என் நங்கை சாதாரணமாக நிற்கவில்லை. தம்பிக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். மாமியார் காடு, மாடு என்று கிடந்தபோது தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவர் அவர்தான். அந்தச் சீருக்காக இருபது வருடம் காத்திருந்த மாதிரி, கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நான் என்ன செய்தேன்? என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் "தலையக் குனி புள்ள, தலையக் குனி" என்று என் பிடரியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஆல்பம் முழுக்க எனக்கு நடுவகிடுதான் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு அனுப்பப் படம் தேர்ந்தெடுத்த அன்றைக்கு நங்கை தன் ஊரான கணபதியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அங்கே அவர் வீட்டுக்காரர் சிறியதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். ஃபாரத்தில் "திருமணச் சடங்கின் புகைப்படங்கள்" என்று போட்டிருந்ததை நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"சடங்குன்னா இணைச்சீர உட்டா வேற என்ன இருக்குது?" என்றார் மாமனார். "தாலி ஆரு வேணாலும் கட்டிக்கலாம். கோயில்ல போய்க் கட்டிக்கறான், ரிஜிஸ்தர் ஆபீசுல கட்டிக்கறான். இணைச்சீரு நடந்துதுன்னா அது முறையாப் பண்ணுன கல்யாணம். அதையே எச்சா, நாலு படமா வெச்சு அனுப்போணும்."

நங்கைக்கு அதில் ஆட்சேபம் இருக்குமா? அவரே நான்கை எடுத்து வைத்தார். எனக்குள் புகைந்தது. என் விசாவுக்கு அவர் படமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நானும் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். என் முகம் பளிச்சென்று தெரிகிற ஒரே ஒரு படம் அந்த ஆல்பத்தில் இருந்தது. யாரோ என் சேலையை மிதித்ததற்காக நான் நிமிர்ந்து கத்துகிற படம். வாய் குகை மாதிரி திறந்திருக்கும், ஒரு கண் பாதி மூடியிருக்கும். பக்கத்தில் கழுத்தில் மாலையோடு என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார். ஆல்பம் வந்த அன்றைக்கே அதை உருவி என் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன். அழகிப் போட்டிக்கு அனுப்புகிற நினைப்பு எனக்கு.

இது போதாதென்று கடிதங்கள் வேறு. கணவன் மனைவிக்குள் தொடர்பு இருப்பதைக் காட்டும் கடிதங்களை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். "புருசன் எழுதுனதை ஊரான் படிக்கறதா?" என்று மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் கூச்சம்தான். அதனால் கடிதங்களை எடுத்துவிட்டு உறைகளை மட்டும் கட்டி அனுப்பினோம். ஸ்டாம்பு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, விலாசம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்கள் விண்ணப்பம் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடிதம் வந்த சேதி கேட்டு நங்கை மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"நான் அவன்ற பொண்டாட்டியாமா? எந்த எடுபட்டவன் எழுதுனான்?"

"அப்படி எழுதலீங்க நங்கை. யாருன்னு கேட்டிருக்காங்க."

"அக்காளுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் ஆபீசுல உக்காந்துட்டிருக்கானா?"

கத்தி முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவர் ஆசையாக எடுத்து வைத்த படங்கள் தம்பியின் குடித்தனத்துக்கே உலை வைத்துவிட்டனவே என்று. நான் அவரைத் திட்டிவிடத்தான் காத்திருந்தேன். அழுகிறவரை எப்படித் திட்டுவது? ஒளித்து வைத்திருந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்துவிட்டுக் கண்ணீரோடு சிரித்தார். "இதைய அனுப்பியிருந்தா பயந்துட்டாவது விசா குடுத்திருப்பாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் என் வீட்டுக்காரர் அழைப்பதற்காகக் காத்திருந்து பேசினேன். வெளியே பஸ் போகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அக்கா படத்தை அனுப்பினோம் என்றதும் சிரித்தார். நேர்காணலில் மறுத்துவிட்டால் மேல்முறையீடு, இரண்டு மூன்று வருடம் ஆகலாம் என்று யாரோ சொன்னதை நான் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. "அக்காவையும் கூட்டீட்டுப் போ. நேர்ல பாத்தா நம்பிருவாங்க" என்றார். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. இருபத்திரண்டு நாள் பழகிய ஒருவருக்காக இப்படி ஏங்க முடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பேன்.

மாமனார், நங்கை, நான் மூன்று பேரும் கார்த்திகை மாதம் டில்லிக்கு ரயிலேறினோம். புளிசாதம், இட்லி, ஒப்புட்டு, வறுத்த நிலக்கடலை என்று நங்கை கட்டிக்கொண்டு வந்ததை ரயில்பெட்டி முழுக்கச் சாப்பிட்டிருக்கலாம். ஈரோடு தாண்டியதும் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். இந்த மாதிரி நேர்காணலில் புருசனைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று கணபதியில் யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"அவனுக்கு எந்தக் கால்ல தழும்பு?"

"வலதுகாலுங்க."

"எப்படி ஆச்சு?"

"சைக்கிள்ல இருந்து உழுந்து."

"சைக்கிளா? கம்பி வேலி கிழிச்சது. நாந்தான் மஞ்சள் வெச்சுக் கட்டுனேன். ஒண்ணும் தெரியல உனக்கு."

எதைக் கேட்டாலும் அவருக்குத்தான் தெரிந்தது. எந்த வயதில் அம்மை போட்டது, எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் குறட்டை விடுவார். பரீட்சைக்குப் படிக்கிறவளைப் போல நானும் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். என் புருசனை இன்னொருவரிடம் கேட்டுப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. யார் பொண்டாட்டி என்று என்னையே நான் கேட்டுக்கொண்டேன்.

"அவனுக்கு நெம்பப் புடிச்சது என்ன?"

நான் யோசிப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்.

"கொள்ளுப்பருப்பு. என்ற கைக் கொள்ளுப்பருப்பு. பத்து வயசுல மொத மொத வெச்சுக் குடுத்தேன், வழிச்சு வழிச்சுத் தின்னான். அன்னைல இருந்து வாரத்துல மூணு நாளு வெப்பேன். பட்டறைக்கு வந்துட்டிருந்தப்போ தூக்குப்போசில குடுத்தனுப்புவேன். இப்பக்கூட வறுத்துப் பொடி பண்ணி அனுப்பறேனே, அதுல ரசம் வெச்சுத்தான் அங்க குளிர்ல உசுரோட இருக்கான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்யாணமான ஆறாம் நாள் என் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். அவருக்குக் கொள்ளு அறவே ஆகாது. வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டும். முதல் தடவை அக்கா ஆசையாக வைத்துக் கொடுத்ததே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றிருக்கிறார். அது பிடித்திருக்கிறது என்று அக்கா நினைத்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்ல மனசு வரவில்லை. பதினெட்டு வருடம் அப்படியே போய்விட்டது. பொடிப் பொட்டலங்களை அங்கே கூட வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். "செத்தாலும் அக்காகிட்டச் சொல்லிப்போடாத" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். நானும் கொடுத்தேன். அதனால் ரயிலில் "ஆமாங்க நங்கை, கொள்ளுப்பருப்பு" என்று மனப்பாடம் செய்வதுபோல் தலையாட்டினேன்.

டில்லி குளிர் எங்கள் மூவரையும் சுருட்டிப் போட்டது. தூதரகத்தில் மாமனாரை வெளியே நிறுத்திவிட்டார்கள். நங்கை உள்ளே காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தார். என்னை மட்டும் ஓர் அறைக்குள் அழைத்தார்கள். கட்டைமுடி வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெரியவர். தஞ்சாவூர்ப் பக்கமாம், முப்பது வருடமாக டில்லியில்தானாம். தமிழ் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் உறைகளைப் பற்றிக் கேட்டார்கள். கூச்சத்தைச் சொன்னேன். கடிதங்களைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டதும் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். பெரியவர் ஒன்றைப் பிரித்து நாலு வரி வாசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆங்கிலத்தில் அந்த அம்மாளிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கடித விஷயம் அத்தோடு முடிந்தது.

அடுத்து படங்கள். இணைச்சீரை விளக்கினேன். பெரியவர் மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"நீங்க சொல்ற மாதிரி ஒரு சடங்கு தமிழ்க் கல்யாணத்துல கிடையாதேம்மா. நாத்தனார் முடிச்சுன்னு உண்டு. மாப்பிள்ளைக்குச் சரியா நாத்தனார் நிக்கறதாவது!"

இதையே அவர் ஆங்கிலத்தில் அந்த அம்மாளிடமும் சொன்னார். பேசத்தான் எனக்கு வராது, கேட்டால் புரியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே என்று எனக்கு ஜிவ்வென்று ஏறியது.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாட்டி கிடையாதுன்னு ஆயிருமுங்களா? எங்க ஊருக்கு எப்பவாச்சும் வந்திருக்கீங்களா நீங்க?"

அதோடு நிற்கவில்லை. ஒளிந்திருந்த ஆங்கிலமெல்லாம் கோபத்தில் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மாளைப் பார்த்து நேராகவே சொன்னேன்: "மேடம், சார் நாட் நோ. எங்க சைடு மேரேஜ், ஃபர்ஸ்ட் சிஸ்டர் ஸ்டாண்ட். தென் வைஃப்."

அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். நான் வாய் பிளந்து கத்துகிற படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நங்கையின் கூடையில் இருக்கும் சேலையின் கரையையும், கத்துகிறவள் கட்டியிருக்கும் சேலையின் கரையையும் விரலால் தொட்டுக் காட்டினேன். இரண்டும் ஒரே கூறைச்சேலை. லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கோபத்தில் நான் அப்போதும் அதே முகத்தோடுதான் இருந்திருப்பேன் போலிருக்கிறது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நீங்கள்தான், சந்தேகமில்லை என்றார்.

ஆனால் கல்யாணம் நடந்தது வேறு, அது உண்மையான குடித்தனமா என்பது வேறு, இருபத்திரண்டு நாள்தானே சேர்ந்து இருந்திருக்கிறீர்கள் என்று கேள்விகளை ஆரம்பித்தார். தழும்புக்குக் கம்பி வேலி என்றேன். குறட்டைக்கு இடது பக்கம் என்றேன். எல்லாம் ரயில் பாடம்.

"அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத சாப்பாடு எது?"

பிடித்தது எது என்றுதான் நங்கை சொல்லிக்கொடுத்திருந்தார். இதை அவர் கேட்கவே இல்லை. நங்கை அறைக்கு வெளியேதானே இருக்கிறார் என்ற தைரியத்தில், "கொள்ளுங்க" என்றேன். பெரியவர் அதைக் குதிரை தின்கிற தானியம் என்று மொழிபெயர்த்தார். மனுசன் அதைச் சாப்பிடாததில் என்ன ஆச்சரியம் என்பதுபோல் அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நங்கையைக் கூப்பிட்டார்கள். படத்தில் இருப்பவர் அவர்தான் என்று உறுதி செய்வதற்காக மட்டும் என்றுதான் நினைத்தேன். கால்மணி நேரம் ஆகியும் வரவில்லை. கதவு திறந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு இல்லை. நங்கை பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் மொழிபெயர்த்தார். "அவருக்கு ரொம்பப் பிடிச்சது கொள்ளுன்னு அக்கா சொல்றாங்க. மாசாமாசம் பொடி பண்ணி அனுப்பறாங்களாம். அவருக்குக் கொள்ளே ஆகாதுன்னு நீங்க சொன்னீங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அந்த மனுஷரைத் தெரியலைன்னு மேடம் சொல்றாங்க."

நங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரயில்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே கண்ணு, மறந்துட்டியா?" என்று பாவமாகக் கேட்டார். நான் பதட்டத்தில் உளறிவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். ஆமாம் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் நங்கை மனசு நோகாது, என் சத்தியமும் நிற்கும். ஆனால் புருசனைத் தெரியாத பொண்டாட்டி என்று அந்தத் தாளில் எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று வருடம். என் வீட்டுக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க நங்கை. அவருக்குக் கொள்ளு ஆகாதுங்க."

"ஆரு சொன்னா?"

"அவரேதானுங்க. கல்யாணமாகி ஆறாம் நாளு."

"என்ற கையில வாங்கித் தின்னவன். எத்தன வருசம்..."

"உங்க மனசு நொந்துருமுன்னுதானுங்க தின்னாரு. மொத நாளே சொல்லாம உட்டுட்டாரு, அப்பறம் சொல்ல மனசு வரலீங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாருங்க."

பெரியவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். என்ன பேசுகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். நங்கை மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. விசாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. நங்கை நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தம்மாகிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. அவனைத் தூக்கி வளத்துனவ நானு. ஒரு முள்ளுக் குத்துனாலும் என்கிட்டத்தான் ஓடி வருவான். என்கிட்டச் சொல்லாத ஒண்ண, வந்து ஆறு நாளு ஆன இவகிட்டச் சொல்லியிருக்கான். அப்பறம் இவதானுங்க அவன்ற பொண்டாட்டி. எழுதிக்கச் சொல்லுங்க."

பெரியவர் அதை அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று நங்கைக்குக் கை கொடுத்தார். நங்கைக்குக் கை குலுக்கிப் பழக்கமில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் "என்னாச்சு?" என்று மாமனார் ஓடி வந்தார். "ஆச்சுங்கப்பா" என்றார் நங்கை. திரும்பி வருகிற இரண்டு நாளும் எல்லோரிடமும் பேசினார். பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு ஒப்புட்டு ஊட்டினார். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கி, உரித்து, நார் எடுத்துச் சுளை சுளையாக எனக்கும் கொடுத்தார். கொள்ளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆரஞ்சை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போய், டில்லியில் நடந்ததையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்கா அழுதுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நெம்ப நொந்துபோயிருக்கும்" என்றார். என்மேல் அவருக்கு வருத்தமா என்று கேட்டேன். "உன்மேல இல்ல. பதினெட்டு வருசம் பொய்யாத் தின்னவன் நானு" என்றார். அன்றைக்குத்தான் முதல்முதலாக எங்கள் இருவருக்கும் ஒரே விஷயத்துக்காகக் கண் கலங்கியது.

ஆறு வாரம் கழித்து விசா வந்தது. மாமனார் அந்தக் கடிதத்தையும் செருப்போடுதான் சமையல்கட்டுக்குக் கொண்டுவந்தார், மாமியார் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டி அடுக்க நங்கை வந்தார். துவரம்பருப்புப் பொடி, மஞ்சள்தூள், வடகம், எனக்கு இரண்டு ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவருடைய பையில் வேறு எந்தப் பொட்டலமும் இல்லை என்பதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். சேலைகளை மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"வேற என்னென்ன சொல்லியிருக்கான் உன்கிட்ட? என்கிட்டச் சொல்லாதது?"

இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று கொள்ளைவிடப் பெரியது.

"வேற ஒண்ணுமில்லீங்க நங்கை."

மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது.

"பொய்யி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "இருக்கும். இருக்கட்டும். நான் எத்தன தடவ கேட்டாலும் சொல்லிப்போடாத கண்ணு. சொல்லீட்டீன்னா அப்பறம் நீ என்ன பொண்டாட்டி?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன். அதுவரைக்கும் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. அந்த இரண்டும் என்னவென்று இங்கேயும் எழுதப் போவதில்லை, நங்கை இதைப் படிப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "உடு, உடு, பெட்டிய மூடோணும்" என்று என்னை விலக்கினார். அது மூடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பூட்டு விழுந்தது.